மூடாத இடம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

தோத்திரம். நீ உயிரோடு இருந்தால் உடனே ஒரு வரி எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம். அப்படி ஒரு கடிதத்தைப் பிரிக்கிற தைரியம் உன் அக்காவுக்கு இல்லை.

சிரிக்காதே. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும் இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து எப்போதும் போல வட்டமாக நின்றோம். டயர்க் கடைக்கு மேலே அதே கூடம், கிரீச்சிடுகிற அதே மின்விசிறி. போதகர் பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து "சமாதானம்" என்றார். அது கைமாறிக் கைமாறி, கண்ணாடி வெட்டுகிற நம் கண்ணாடிக்காரரிடம் வந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் உன் இடம். நீ போன நாளிலிருந்து அந்த ஓர் ஆள் இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். வராதவர் இடத்தை மூடக்கூடாது என்பது நம் சபை வழக்கம், உனக்குத் தெரியாததா? அவர் அந்தப் பக்கமிருந்து வெறுங்காற்றில் கையை நீட்டினார். இந்தப் பக்கமிருந்து நான் இடது கையை நீட்டினேன். ஒரு மூச்சு பொறுத்திருந்து, பிறகு நானே "சமாதானம்" சொல்லி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போன நேரத்தில் என் இடது கையை யாரோ பிடித்தார்கள்.

பிடித்தார்கள் என்றால் பிடித்தார்கள், தம்பி. நரம்பு இழுக்கவில்லை, கை மரத்துப்போகவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இத்தனை வருஷம் நீராவியில் வெந்த கை இது. சூடு எது குளிர் எது என்று எனக்குத் தெரியாதா? குளிர்ந்த கை. கண்ணைத் திறந்து பார்த்தேன். உன் இடத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் சுவரோரம் அடுக்கி வைத்த நாற்காலிகள்தான் தெரிந்தன. ஆனால் பிடி மட்டும் இருந்தது. எனக்குப் பிறகு நிற்கிறவருக்கு "சமாதானம்" சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

நீயோ குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். உறைநிலை அறைகளுக்குள் போய் வருகிறவன். என் மனசு எங்கே போகும், நீயே சொல். திட்டியாவது எழுது.

உன் அக்கா

*

ஜூன் 10

அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி அதுதான்.

திட்டியாவது எழுது என்றாய், அதனால் மீதியையும் எழுதுகிறேன். என் இடத்தை யார் விட்டு வைக்கச் சொன்னது? அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? என் வலப்பக்கம் அவள் நிற்பாள். அவளுக்கு அந்தப் பக்கம் நீ. கண்ணாடிக்காரர் கொடுத்த சமாதானத்தை வாங்கிக்கொண்டு அவள் நிற்கிற பக்கம் கையை நீட்டினேன். ஒரே ஒரு வாரம் அந்த இடத்தை விட்டு வைக்க உனக்கு மனசு வரவில்லை. ஓர் அடி எடுத்து வைத்து, என் பெண்டாட்டி நின்ற இடத்தில் வந்து நின்றுகொண்டு, என் கையைப் பிடித்தாய்.

வெளியூர் போனவனுக்குக் காத்திருப்பீர்கள். கோபித்துக்கொண்டு போனவனுக்குக் காத்திருப்பீர்கள். மண்ணுக்குள் போனவள் இடத்தை மட்டும் உடனே மூடிவிட வேண்டும். ரொம்ப நல்ல வழக்கம்.

அன்றைக்குக் கையை உதறிவிட்டு வந்தவன்தான். இப்போது ஞாயிறுதோறும் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிற என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறேன். கேட்கிறவருக்குக் கேட்கும். அதற்குக் கூட்டம் தேவையில்லை, கோரஸ் தேவையில்லை. பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தமே தாளத்துக்குப் போதும்.

உன் கை விஷயம்: உனக்குத் தூக்கம் போதவில்லை. டாக்டரைப் பார்.

தம்பி

*

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

தோத்திரம். உன் கடிதத்தை உலர்த்தி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்து, ஒரு மூச்சு அழுதேன். பக்கத்தில் துணி மடிக்கிறவள் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். "தவறல, உயிரோட இருக்கான், அதான் அழறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திட்டினாய், வாங்கிக்கொண்டேன். டாக்டர் எல்லாம் வேண்டாம். நன்றாகத்தான் தூங்குகிறேன். ஆனால் அது நிற்கவில்லை, தம்பி. போன ஞாயிறும் வந்தது, அதற்கு முந்தின ஞாயிறும் வந்தது. கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே. "உன் தம்பி கிடங்குலேருந்து ஐஸ் பார்சல் அனுப்பியிருக்கான்மா, வாங்கி வச்சுக்கோ" என்று கடகடவென்று சிரித்தார். அவர் கைக்கு ஒன்றும் வரவில்லையாம். அவர் பக்கம் காற்றுதான். என் பக்கம் மட்டும்தான் கை.

உன் கடிதம் வந்து பயம் தெளிந்த பிறகுதான் எனக்குக் கவனமே வந்தது. போன ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிடியை நிதானமாகப் பார்த்தேன். விரலெல்லாம் மடங்கியிருக்கிறது. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் என் மணிக்கட்டின் மேல் நீட்டிக் கிடக்கிறது.

அதற்கு மேல் எழுதப் பேனா ஓடவில்லை. நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

உன் அக்கா

*

ஜூன் 25

அக்காவுக்கு,

தையல் மெஷின் ஊசி ஏறி, அதற்குப் பிறகு கடைசிவரை மடங்காத விரல். அவளைத் தவிர யாருக்கு இருக்கிறது அப்படி ஒரு விரல்? நான் அவள் புருஷன். என்னிடம் புதிர் போடாதே.

நீ சொல்வது பொய் என்றால் உன்னை மன்னிக்கமாட்டேன். நிஜம் என்றால் சுத்தமாக மன்னிக்கமாட்டேன். அவள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவள் நீ. உன் கையைத் தேடி வருகிறாளா? இங்கே அவள் சீப்பு அப்படியே இருக்கிறது. அவள் கடைசியாகத் தைத்த தலையணை உறையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன். என் கண்ணில் ஒரு தரம் பட்டாளா? ஒரு சத்தம், ஒரு நிழல், ஒன்றும் கிடையாது. அவளோடு குடித்தனம் நடத்தினவன் நானா நீயா?

போதும். என் இடத்தை மூடிவிடுங்கள். நானும் மண்ணுக்குள் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைப் போதகரிடமே காட்டு.

தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

தோத்திரம். காட்டினேன். ஒரு பெரிய ரகளையே நடந்தது.

பஸ் ஓட்டுகிற அக்கா, அதுதான் எதற்கெடுத்தாலும் முதலில் எழுந்து பேசுமே, அது எழுந்து நின்று, "அந்த எடத்துல எண்ணெ பூசி ஜெபம் பண்ணி மூடிடணும், எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல" என்றது. எனக்கு எதிரே நிற்கிற இரண்டு குடும்பம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். போதகர் உன் கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "உயிரோட இருக்கிறவன் எடத்த அவனே கேட்டாலும் மூட முடியாதும்மா. அது அவனோட எடம் மட்டுமில்ல, காத்துக்கிட்டிருக்கிற நம்மளோட எடமும்தான்" என்றார். "அப்ப அந்தக் கை நல்லதா கெட்டதா, அதச் சொல்லுங்க" என்று பஸ் அக்கா விடாமல் கேட்டது. "எனக்குத் தெரியாது. பிடிச்ச கைய உதறாதீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். அவர் முகத்திலும் ரத்தமில்லை. பாவம், அவருக்கும் பயம்தான்.

இப்போது நீ என்னைக் கேட்டதற்கு வருகிறேன். நான் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன், அதை நீ எதிர்பார்க்காதே. அன்றைக்கு உன் கை பிடிக்க ஆளில்லாமல் காற்றில் நின்றது. கூடம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை, வந்து பிடித்தேன். நீ நடுத்தெருவில் விழுந்தாலும் இப்படித்தான் ஓடி வருவேன். யார் இடத்தை மிதிக்கிறேன் என்று குனிந்து பார்த்துக்கொண்டு வரமாட்டேன். உன் பெண்டாட்டி, நம் சின்னவளுக்கு அது புரியும். என்னோடு எத்தனை வருஷம் கைகோத்து நின்றவள். அவளை நானும்தான் இழந்தேன், தம்பி. நீ மட்டும் அழுதுகொண்டு போய்விட்டாய். நான் யாரிடம் போய் அழுவது?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் சொல். ஞாயிற்றுக்கிழமை உன் அறையில் எப்படி ஜெபிக்கிறாய்? உட்கார்ந்தா, நின்றா? கையை எங்கே வைத்துக்கொள்கிறாய்?

உன் அக்கா

*

ஜூலை 9

அக்கா,

நின்றுகொண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு.

யாராவது எட்டிப் பார்த்தால் ஆளுக்குப் பைத்தியம் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும், நீங்கள் வட்டமாக நிற்கிற அதே நேரத்துக்கு நிற்கிறேன். ஜன்னல் பக்கம் கண்ணாடிக்காரர், கட்டில் பக்கம் அவள் என்று வைத்துக்கொள்வேன். "சமாதானம்" என்று நானே சொல்லி நானே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சொன்ன வாய்க்கே திரும்பி வந்துவிடுகிறது. கை வலிக்கிறவரை நிற்பேன். யாரும் வந்ததில்லை. இதை எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

அதற்காக எனக்கு ஆள் துணை வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. உறைநிலை அறைக்குள் ஒருவன் போனால் கதவுக்கு வெளியே ஒருவன் நிற்க வேண்டும் என்பது இங்கே விதி. கூட வேலை செய்கிறவன் வாய் மூடமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஒருவனே உள்ளே போய் வருகிறேன். கதவின் உள்பக்கக் கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது, மாற்ற வேண்டும். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் கை வந்தால் ஒன்று கேட்டுச் சொல்வாயா? அவளுக்கு என் மேல் கோபமா என்று.

தம்பி

*

ஜூலை 15

என் தம்பிக்கு,

தோத்திரம், ஆயிரம் தோத்திரம். நேற்றே ரயில் ஏறியிருப்பேன். "அக்கா வர வேண்டாம், எழுதச் சொல்லுங்க" என்று நர்ஸிடம் சொன்னாயாமே. உன் பிடிவாதம் மட்டும் எந்த ஐஸிலும் உறையாது போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

நேற்று வட்டத்தில் நின்றபோது உன் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் கையை நீட்டினேன். கை வந்தது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பிடி இறுகிற்று. இதுவரை அப்படி இறுகினதே இல்லை. எலும்பு நொறுங்குகிற மாதிரி வலி. நான் "ஆ" என்பதற்குள் எதிர்ப்பக்கம் கண்ணாடிக்காரர் அலறினார். "யம்மா! என் கையும்! ஐஸ் மாதிரி இருக்கு, விடமாட்டேங்குது!" சிரித்துக்கொண்டே இருக்கிற மனுஷன், முகம் வெளிறிப்போய் வலது கையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய வலப்பக்கம் நீ நிற்கிற இடம் என்று எனக்குத் தெரியாதா? நீ எழுதின ஆடுகிற கைப்பிடி அப்படியே கண்முன்னால் வந்து நின்றது. "என் தம்பி உள்ள மாட்டிக்கிட்டான், கிடங்குக்குப் போன் போடுங்க" என்று கத்தினேன். நீ எடுக்காத போனுக்குப் போட்டுப் போட்டு உன் ஆபீஸ் நம்பர்கூட எனக்கு மனப்பாடம். பஸ் அக்காதான் ஒரு கையால் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தவர் அதன் தோளைப் பிடித்துக்கொள்ள, மறு கையால் நம்பர் அடித்தது. ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை. அடுத்து வாசல் நம்பருக்குப் போட்டதும் காவலாளி எடுத்தார். "ஞாயித்துக்கிழமை உள்ள யாரும் இருக்க மாட்டாங்களேம்மா" என்றாராம். பஸ் அக்கா போட்ட சத்தத்தில் மனுஷன் ஓடியே இருப்பார். நடுரோட்டில் குறுக்கே வருகிறவர்களை அதட்டுகிற குரல் அல்லவா.

போதகர் ஒன்றுதான் சொன்னார். "யாரும் கைய விடாதீங்க. சுத்தி வந்துக்கிட்டே இருக்கட்டும்." சமாதானம் சுற்றிச் சுற்றி வந்தது. வழக்கமாக ஒரு தரம்தான் வரும். நேற்று நிறுத்தவே இல்லை. கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் கொடுப்பார். ஒரு மூச்சு கழித்து என் கை அழுத்தப்படும். உடனே நான் அடுத்தவருக்குக் கொடுப்பேன். இடையில் இருந்தது வெறும் ஓர் ஆள் இடம். ஆனால் எங்கேயோ நெடுந்தூரம் போய்விட்டு வருகிற மாதிரி இருந்தது.

திடீரென்று கண்ணாடிக்காரர் "போயிடுச்சு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். நீ செத்துப்போய்விட்டாய் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது பஸ் அக்காவின் போனில் காவலாளியின் குரல் கேட்டது. "கதவத் தொறந்துட்டோம், மூச்சு இருக்கு."

என் கையில் பிடி இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்த மடங்காத விரல் என் மணிக்கட்டை ஒரு தரம் தடவிக்கொடுத்துவிட்டுப் போயிற்று. உன் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அதற்குப் பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உள்ளே உனக்கு என்ன நடந்தது? முடிகிறபோது எழுது.

உன் அக்கா

*

ஜூலை 19

அக்கா,

கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. மாற்ற வேண்டும் என்று உனக்கு எழுதினேனே தவிர மாற்றவில்லை.

தட்டினேன், உதைத்தேன், கத்தினேன். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அந்தச் சத்தம் தாளத்துக்குப் போதும் என்று எழுதினவன் நான். முதலில் குளிர் கடித்தது. பிறகு குளிரே தெரியவில்லை. அதுதான் மோசம் என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் சொகுசாக இருந்தது. அட்டைப்பெட்டிகள் மேல் சாய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் இப்போது வட்டமாக நிற்பார்கள் என்று தோன்றியது. பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினேன். இந்தத் தடவை நானாக எதையும் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது இருந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

இடது கையில் ஒரு சொரசொரப்பான கை வந்து விழுந்தது. பெருவிரல் நுனி இல்லாத கை. கண்ணாடி வெட்டும்போது போன நுனி, தொட்டதுமே தெரிந்துவிட்டது. "சமாதானம்" என்றார். குரல் அவர் குரல்தான், பயந்துபோன குரல். நான் வலது பக்கம் கொடுத்தேன்.

அக்கா, அது உன் கை இல்லை. உன் கை வெந்து தடித்த கை. இது அவள் கை. அந்த விரல் என் மணிக்கட்டின் மேல் கிடந்தது. அவள் பேசவில்லை. வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். கண் செருகுகிற நேரத்தில் மறுபடியும் இடப்பக்கமிருந்து வந்தது. மறுபடியும் கொடுத்தேன். தூங்கவே விடவில்லை நீங்கள். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க, தூங்கணும்" என்று கெஞ்சினதாகக்கூட ஞாபகம். விடவில்லை. கதவு திறந்து வெளிச்சம் வந்தது. காவலாளியின் கால்கள் தெரிந்தன.

கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். காது ஒன்று உரிந்திருக்கிறது. கைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கையுறைகூடப் போட்டிருக்கவில்லை. டாக்டர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்னிடம் வராதவள் உன்னிடம் வந்தாளா என்று கத்தினேன் இல்லையா? படுத்துக்கொண்டு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் நிற்கிற இடம் எனக்கும் உனக்கும் நடுவில். அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள். ஒரு பக்கம் நீ இருந்தாய், பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் நான்தான் இல்லை. அறைக்குள் தனியாக நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தால் எங்கிருந்து வருவாள்?

எனக்காக ஒன்று செய். இந்த ஞாயிறு உன் பழைய இடத்துக்கு நகர்ந்து நில். நடுவில் இரண்டு ஆள் இடம் விடு. வழக்கமில்லை என்று தெரியும். போதகர் ஏதாவது சொன்னால் நான் கேட்டதாகச் சொல். டாக்டர் விட்டதும் ஊன்றுகோலோடு வருகிறேன்.

தம்பி

*

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

தோத்திரம். நகர்ந்து நின்றேன்.

போதகர் பார்த்தார், தலையை அசைத்தார். எதிர்ப்பக்கம் கண்ணாடிக்காரர் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு ஆள் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடப்பக்கம் நின்றவரிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, என் வீட்டுக்காரி இங்கதான் நிப்பா" என்றார். அவர் மனைவி போய் எத்தனையோ வருஷமாயிற்று. அந்த மனுஷன் தள்ளி நின்றார். நின்றுவிட்டுத் தானும் மறுபக்கம் ஓர் இடம் விட்டார், அவருடைய அண்ணனுக்கு. பஸ் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு தன் மகளுக்கு விட்டது. எண்ணெய் பூசி மூடச் சொன்ன அதே பஸ் அக்கா. போதகர் இரண்டு பக்கமும் விட்டார். யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை. வராமல் இருந்த இரண்டு குடும்பமும் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் உள்ளே வந்து இடம் விட்டு நின்றார்கள்.

வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. நாற்காலிகளை எல்லாம் மாடிப்படிக்குத் தள்ளினோம். கடைசியில் எங்கள் முதுகு நான்கு சுவரிலும் ஒட்டிக்கொண்டது. யாருடைய கையும் யாருக்கும் எட்டவில்லை. எல்லோரும் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு, உன்னை மாதிரி, காற்றில் நின்றோம். யாரோ மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். கீழே டயர்க் கடை பூட்டியிருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

போதகர் மெதுவாக "சமாதானம்" என்றார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தம்பி. ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய விரல்களும் மடங்கின. ஒரு கையைப் பிடிக்கும்போது மடங்குமே, அப்படி. பஸ் அக்கா தேம்பிற்று. போதகர் கண்ணைத் திறக்கவே இல்லை. என் மணிக்கட்டில் அந்த விரல் வந்து விழுந்தது.

கண்ணாடிக்காரரின் வலது கை ஒன்றுதான் விரித்தபடி காற்றிலேயே நின்றது. அத்தனை இடமும் நிறைந்துவிட்டது. உன் இடம் மட்டும்தான் காலி.

வந்து சேர்.

உன் அக்கா